நம்ம கேலக்ஸி மோதி நொறுங்கப்போகுதா? மணப்பாடு கடற்கரையில் பதில் தேடிய ஓர் இரவு!

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்தபோது இரவு 11 மணி. அனுப்பியது அத்தை. 'ஆண்ட்ரோமெடா கேலக்ஸி நம்மை நோக்கிப் பயங்கர வேகத்தில் வருகிறது. மோதினால் பூமி தூள் தூளாகும். விஞ்ஞானிகள் அதிர்ச்சி!' என்று சிவப்பு எழுத்து. கூடவே இரண்டு நெருப்புச் சக்கரங்கள் மோதிக்கொள்ளும் படம். கீழே அத்தையின் கேள்வி: "நீதான பத்திரிகையில இருக்க, இது நெசமா?"

"ஃபார்வர்டு மெசேஜ் அத்தை, நம்பாதீங்க" என்று டைப் செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். காரணம், அந்த மெசேஜில் பாதி உண்மை. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவது நிஜம். வேகமும் நிஜம்தான், நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதி உருவம் மாறுவதும் நிஜம். மிச்சப் பாதியில்தான் கோளாறு. அதை இரண்டு வரியில் சொல்லிவிட முடியாது.

பொங்கல் முடிந்து தை அமாவாசை நெருங்கிய நேரம். லீவு போட்டுவிட்டு மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் பெரியப்பா இருக்கிறார். அவரிடம் சின்ன வயதில் கேட்ட ஒரு விஷயம் எனக்கு ஞாபகம் வந்திருந்தது.

நகராத மேகம்

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரன்பட்டினத்துக்கு அடுத்து இருக்கிறது மணப்பாடு. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கடற்கரையின் பழைய ஊர்களில் ஒன்று. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, அதன்மேல் கோயில். அங்கே நின்று தெற்கே பார்த்தால் கடல், கடல், கடல்தான்.

பெரியப்பா இளவயதில் சங்கு குளித்தவர். பிறகு வல்லத்தில் மீன்பிடிக்கப் போனார். முத்துக்குளிப்பை அவர் பார்த்ததில்லை. இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி.

"ராத்திரி தொழிலுக்குப் போவும்போது தெக்க, கடலுக்குக் கொஞ்சம் மேல ஒரு வெளுத்த திட்டு தெரியும் பாத்துக்க. மொதல்ல மேகம்னுதான் நெனச்சோம். ஆனா காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் அது கலையாது. வெள்ளியெல்லாம் நகரும்போது அதுவும் கூடவே நகரும்" என்றார் பெரியப்பா.

அவர் சொன்ன இடம், மாதம், நேரம் எல்லாவற்றையும் மொபைலில் இருந்த வான வரைபட ஆப்பில் போட்டுப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அவர் பார்த்தது மேகம் இல்லை, ஒரு கேலக்ஸி. பெயர், பெரிய மெகல்லன் மேகம். சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் நம் அண்டை வீடு. பக்கத்திலேயே சின்ன மெகல்லன் மேகம், சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தூரத்தில்.

டெல்லியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. தெற்கே போகப் போகத்தான் தெரியும். தூத்துக்குடி சுமார் எட்டே முக்கால் டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், பெரிய மேகம் இங்கே அடிவானத்திலிருந்து 11 டிகிரிக்கு மேல் எழுகிறது. மணப்பாட்டில் கிட்டத்தட்ட 12 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த முஷ்டியின் உயரம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. அதாவது, கடலுக்கு மேலே ஒரு முஷ்டி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம்.

அத்தையின் கேள்விக்கான பதில் இந்தத் திட்டிலும் ஒளிந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடல் ஏறுவதும் கேலக்ஸி நீளுவதும்

முதலில் கேலக்ஸி என்றால் என்ன? பல கோடி நட்சத்திரங்களும், வாயுவும், தூசும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் கூட்டம். சூரியன் இருக்கும் நம் கேலக்ஸிக்குப் பால்வீதி என்று பெயர்.

கேலக்ஸிகளை உருவத்தை வைத்து வகை பிரித்தவர் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள். 1926-ல் அவர் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. சங்கின் சுழிபோலக் கைகள் விரிந்தவை சுருள் கேலக்ஸிகள். முட்டை வடிவத்தில் வழுவழுவென்று இருப்பவை நீள்வட்ட கேலக்ஸிகள். எதிலும் சேராதவை ஒழுங்கற்ற கேலக்ஸிகள். ஒவ்வொரு கேலக்ஸியும் தனித்தீவாகப் பிறந்து, தனக்கென ஒரு உருவத்தோடு வாழ்கிறது என்றுதான் பலரும் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள்.

ஆனால் சில கேலக்ஸிகள் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. சிலவற்றுக்கு எலிபோல நீண்ட வால். சில ஜோடிகளுக்கு நடுவே பாலம்போல ஒரு ஒளிக்கோடு. 1966-ல் ஹால்டன் ஆர்ப் என்ற வானியலாளர் இப்படிப்பட்ட 338 'விசித்திர' கேலக்ஸிகளின் படங்களைத் தொகுத்து ஒரு அட்லஸே போட்டார்.

இந்த வாலும் பாலமும் எங்கிருந்து வந்தன? கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புரிவது சுலபம். நிலா பூமியை இழுக்கிறது. நிலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கடலை அதிகமாக இழுக்கும், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கடலைக் குறைவாக இழுக்கும். இந்த வித்தியாசத்தால் பூமியின் இரண்டு பக்கமும் கடல் கொஞ்சம் புடைக்கிறது. அதனால்தான் பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் கூடும்.

நிலா இருக்கும் இடத்தில் இன்னொரு கேலக்ஸியை வைத்துப் பாருங்கள். கடல் இருக்கும் இடத்தில் கோடிக்கணக்கான நட்சத்திரங்களை வையுங்கள். அண்டை கேலக்ஸி நெருங்கி வரும்போது, அதன் பக்கம் இருக்கும் நட்சத்திரங்கள் அதிகமாக இழுபட்டு அதை நோக்கி நீளும். அது பாலம். எதிர்ப்பக்கத்து நட்சத்திரங்கள் பின்தங்கி, சுழலும் வேகத்தில் வெளியே வீசப்படும். அது வால். தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். கேலக்ஸியில் அதே வேலை லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு நடக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு முத்து, மதுரையில் ஒரு முத்து

"அப்போ வெள்ளியும் வெள்ளியும் முட்டிக்கிடாதா?" என்று கேட்டார் பெரியப்பா. அத்தையின் பயமும் அதுதான்.

முட்டிக்கொள்ளாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சூரியனை நாலரை மில்லிமீட்டர் முத்தாகச் சுருக்கி, தூத்துக்குடி துறைமுகத்தில் வைத்துவிடுவோம். அதே அளவில் சுருக்கினால் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் அடுத்த நட்சத்திரம் எங்கே இருக்கும் தெரியுமா? நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, மதுரையில். இங்கே ஒரு முத்து, மதுரையில் ஒரு முத்து. நடுவில் வேறு முத்தே கிடையாது. இப்படிப்பட்ட இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போனால், முத்தும் முத்தும் மோத வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

கேலக்ஸி மோதல் என்ற வார்த்தையே கொஞ்சம் ஏமாற்றுகிறது. இரண்டு லாரி மோதுவதுபோல அது நடப்பதில்லை. திருவிழாவில் எதிரெதிரே வரும் இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, பாதி பேர் பாதை மாறிப் போவது மாதிரி நடக்கிறது.

ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவில் பரவிக் கிடக்கும் வாயு மேகங்கள் நிஜமாகவே மோதும். அழுத்தப்படும். அழுத்தப்பட்ட வாயுவிலிருந்து புது நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கும். மோதிக்கொண்டிருக்கும் கேலக்ஸிகளின் படங்களில் நீலமாக மின்னுபவை இப்படிப் பிறந்த இளம் நட்சத்திரக் கூட்டங்கள்தான்.

74 பல்புகளும் ஒரு சென்னைக்காரரும்

இதையெல்லாம் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஒருவர் கண்டுபிடிக்க முயன்றார். ஸ்வீடன் நாட்டின் எரிக் ஹோம்பெர்க். 1941-ல் அவர் செய்த சோதனை சுவாரஸ்யமானது. கேலக்ஸி ஒன்றுக்கு 37 என, மொத்தம் 74 மின்பல்புகளை மேஜைமேல் அடுக்கினார். ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கு வெளிச்சமும் அதே விதிப்படிதான் குறையும். அதனால், ஒரு பல்பு இருக்கும் இடத்தில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று ஒளிமின்கலத்தால் அளந்து, அதையே ஈர்ப்பு விசையாகக் கணக்கிட்டார். அதற்கேற்ப பல்புகளைக் கொஞ்சம் நகர்த்துவார். மறுபடி அளப்பார். மறுபடி நகர்த்துவார். இரண்டு கேலக்ஸிகள் நெருங்கும்போது உருவம் குலைந்து கைகள் முளைப்பதை இப்படி இருட்டறையில் பல்புகளை வைத்தே காட்டினார்.

அடுத்த கேள்வி: வேகமாக வரும் கேலக்ஸி உரசிவிட்டு அப்படியே போய்விடாமல், ஏன் நின்று ஒன்றாகிவிடுகிறது? பிரேக் போடுவது யார்?

இதற்கான விடை ஒரு தமிழரின் கணக்கில் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றி, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1943-ல் 'இயங்குநிலை உராய்வு' பற்றிய ஆய்வை வெளியிட்டார். நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஒரு கனமான பொருள் போகும்போது, வழியில் இருக்கும் நட்சத்திரங்களை அது தன் பக்கம் இழுக்கும். இழுபட்டவை வந்து சேர்வதற்குள் அது நகர்ந்துவிடும். ஆகவே அதன் பின்னால் ஒரு கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு அதைப் பின்னோக்கி இழுக்கும். வேகம் குறையும்.

பெரியப்பாவுக்கு இதை விளக்க எனக்கு நேரமே ஆகவில்லை. "வலையை இழுத்துட்டுப் போற போட்டு வேகமா போவுமா? அதானே" என்று முடித்துவிட்டார். அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே வலையைப் பின்னிக்கொண்டே போவதும் அந்தப் படகுதான்.

சந்திரசேகர் கணக்குப் போட்டது நட்சத்திரங்களுக்கு. ஆனால் கேலக்ஸிகள் எப்படி வேகம் இழந்து ஒன்றுக்குள் ஒன்று விழுகின்றன என்பதை விளக்க இன்றுவரை வானியலாளர்கள் எடுத்தாள்வது அந்தக் கணக்கைத்தான்.

1972-ல் எஸ்தோனியாவில் பிறந்த சகோதரர்கள் அலார் டூம்ரே, யூரி டூம்ரே இருவரும் கம்ப்யூட்டரில் இந்த மோதலை ஓட்டிப் பார்த்தார்கள். வாலும் பாலமும் அச்சு அசலாக வந்தன. வானத்தில் இருக்கும் 'ஆன்டெனா' ஜோடி, 'எலிகள்' ஜோடி, எம் 51 என்ற சுழல் கேலக்ஸியும் அதன் குட்டித் துணையும் இப்படித்தான் உருவம் மாறின என்று காட்டினார்கள். விசித்திரங்களுக்குப் பின்னால் இருந்தது அண்டை வீட்டாரின் ஈர்ப்பு என்பது அதன்பிறகு பெரும்பாலோருக்கு ஒப்புக்கொள்ளும்படி ஆனது.

"இதெல்லாம் நடக்கக் கோடி வருஷம் ஆகும்கிற, எவன் உக்காந்து பாத்தான்?" என்பது பெரியப்பாவின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு மோதல் முடியப் பல கோடி ஆண்டுகள் ஆகும். ஆனால் நம் ஊர்த் தெருவில் ஒரே நேரத்தில் கைக்குழந்தை, பள்ளிக்கூடப் பிள்ளை, கல்யாணப் பெண், தாத்தா எல்லோரையும் பார்க்க முடிகிறது அல்லவா? அவர்களை வரிசைப்படுத்தினாலே மனிதன் எப்படி வளர்கிறான் என்று புரியும். அப்படித்தான். வானத்தில் நெருங்க ஆரம்பித்த ஜோடி, உரசிக்கொண்ட ஜோடி, பாதி கலந்தவை, முழுதாக ஒன்றானவை என்று எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி, கம்ப்யூட்டர் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டு சுருள் கேலக்ஸிகள் கலந்து முடியும்போது பல நேரங்களில் சுருளெல்லாம் கலைந்து ஒரு நீள்வட்ட கேலக்ஸி மிஞ்சுகிறது என்பது இப்படித் தெரியவந்ததுதான்.

இந்தியக் கண்ணில் பட்ட மூவர்

இந்த ஆராய்ச்சியில் நமக்கும் பங்கு இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை நடத்துவது பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம். அங்கே 1986-லிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இதே நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கியைச் சுமந்துகொண்டுதான் 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் கிளம்பியது. புதிதாகப் பிறந்த, சூடான நட்சத்திரங்கள் புறஊதாவில் பளிச்சென்று தெரியும். மோதலில் எங்கே நட்சத்திரம் பிறக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

ஜோதி யாதவ், மௌசுமி தாஸ், சுதான்ஷு பர்வே ஆகிய நம் விஞ்ஞானிகளும் பிரான்ஸின் பிரான்சுவாஸ் கோம்பும் சேர்ந்து என்.ஜி.சி 7733, என்.ஜி.சி 7734 என்ற ஜோடியை இப்படி ஆராய்ந்தார்கள். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் இரண்டு கேலக்ஸிகள். அதில் ஒன்றின் கையில் ஒரு பிரகாசமான திட்டு. நட்சத்திரங்கள் பிறக்கும் மேகமாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் சிலியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் திட்டு நகரும் வேகமே வேறாக இருந்தது. அது மூன்றாவது கேலக்ஸி! மூன்றின் மையத்திலும் தீனி தின்றுகொண்டிருக்கும் ராட்சதக் கருந்துளைகள். 2021-ல் இது வெளியானது. இரண்டு ராட்சதக் கருந்துளைகள் நெருங்கி வந்தும், கடைசிக் கொஞ்ச தூரத்தில் ஒன்றுசேராமல் தடுமாறக்கூடும் என்பது வானியலில் நெடுநாள் புதிர். மூன்றாவது ஒன்று வந்தால் அந்தத் தடை நீங்க வழி பிறக்கலாம். அதனால்தான் இந்த மூவருக்கு இவ்வளவு மவுசு.

உருவத்தை மாற்ற ஈர்ப்பு மட்டும்தான் வழி என்றும் இல்லை. 'ஜெல்லிமீன் கேலக்ஸி' என்று ஒரு ரகம் உண்டு. நம் கடற்கரையில் சொறி என்று சொல்வோமே, அதே உருவம். மேலே குடை, கீழே தொங்கும் விழுதுகள். பல நூறு கேலக்ஸிகள் கூடி வாழும் கொத்துக்குள் ஒரு கேலக்ஸி வேகமாக நுழையும்போது, அங்கே நிறைந்திருக்கும் சூடான வாயு எதிர்க்காற்றுபோல அடித்து, உள்ளே இருக்கும் வாயுவைப் பிய்த்துக்கொண்டு போகும். ஜெ.ஓ 201 என்ற ஜெல்லிமீன் கேலக்ஸியை ஆஸ்ட்ரோசாட்டால் பார்த்து, அந்த விழுதுகளிலேயே புது நட்சத்திரங்கள் பிறப்பதை 2018-ல் கோஷி ஜார்ஜ் குழுவினர் காட்டினார்கள். வாயுவை இழந்த கேலக்ஸியால் புது நட்சத்திரங்களைப் பெற முடியாது. மெல்ல மெல்ல வயதாகிச் சிவந்துபோகும்.

நம் வீட்டிலும் நடந்திருக்கிறது

மற்றவர் கதை இருக்கட்டும். பால்வீதி எப்படி? நம் வீடும் பலரை விழுங்கி வளர்ந்ததுதான்.

ஐரோப்பாவின் கையா விண்கலம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. அதில், ஒரு பெருங்கூட்டம் மட்டும் மற்றவற்றோடு சேராமல் வேறு மாதிரி ஓடுவது 2018-ல் தெரிந்தது. சுமார் 800 முதல் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதிக்குள் விழுந்து கரைந்த இன்னொரு கேலக்ஸியின் மிச்சம் அது. 'கையா-என்செலடஸ்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1994-ல் தனுசு ராசித் திசையில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குட்டி கேலக்ஸி இப்போதும் நம்மால் கிழிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதன் நட்சத்திரங்கள் நீண்ட ரிப்பன்போலப் பால்வீதியைச் சுற்றிக் கிடக்கின்றன.

அடுத்தது, பெரியப்பாவின் நகராத மேகம். மெகல்லன் மேகங்கள் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் வாயுப் பாலம் போட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து பிய்ந்த வாயு வானத்தில் 100 டிகிரிக்கும் மேல் நீளமான ஆறாக ஓடுகிறது. ரேடியோ தொலைநோக்கிக்குத்தான் அது தெரியும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பு வகித்த அன்னபூரணி சுப்பிரமணியமும் அவருடைய மாணவர்களும் இந்த மேகங்களின் உருவம் எப்படிச் சாய்ந்து, வளைந்து இருக்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பெரிய மேகம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஏழைச் சொந்தக்காரர் இல்லை. கரும்பொருளோடு சேர்த்தால் பால்வீதியின் எடையில் பத்தில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ இருக்கும் என்கிறார்கள். அதன் இழுப்பில் பால்வீதியே அசைகிறது. அத்தையின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது.

மோதுமா, மோதாதா?

ஆண்ட்ரோமெடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சுமார் 400 முதல் 500 கோடி ஆண்டுகளில் பால்வீதியோடு மோதுவது உறுதி என்றுதான் சமீபகாலம் வரை சொல்லிவந்தார்கள். அத்தைக்கு வந்த மெசேஜின் மூலமும் அதுதான்.

2025 ஜூனில் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டில் சவாலா தலைமையில் ஒரு குழு அந்தக் கணக்கை மறுபடி போட்டது. ஹப்பிள், கையா ஆகியவற்றின் புதிய அளவுகளை எடுத்துக்கொண்டு, அந்த அளவுகளில் இருக்கும் சிறு சிறு பிழைகளையும் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். விடை என்ன தெரியுமா? அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நாணயத்தைச் சுண்டிவிட்டதுபோல.

உறுதி என்று இருந்ததைச் சந்தேகம் ஆக்கியதில் அண்டை வீட்டாருக்குப் பங்கு உண்டு. கணக்கில் எம் 33 என்ற பக்கத்து கேலக்ஸியைச் சேர்த்தால் மோதும் வாய்ப்பு கூடுகிறது. பெரிய மெகல்லன் மேகத்தைச் சேர்த்தால் குறைகிறது. ஆம், மணப்பாட்டில் இருந்து தெற்கே கடலுக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில் தெரியும் அந்த வெளுத்த திட்டு, நம் கேலக்ஸியின் பாதையையே கொஞ்சம் திருப்பிவிடுகிறது. கைம்மாறாக அதற்குக் கிடைப்பது நல்ல முடிவு இல்லை. சுமார் 200 கோடி ஆண்டுகளில் அது பால்வீதிக்குள் விழுந்து கரைந்துவிடும் என்பது ஏறக்குறைய உறுதி என்கிறது அதே ஆய்வு.

சரி, மோதினால் பூமிக்கு என்ன ஆகும்? முத்துக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சூரியனை இன்னொரு நட்சத்திரம் வந்து முட்டும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். சூரியன் இப்போது இருக்கும் இடத்திலிருந்து வேறு இடத்துக்கு வீசப்படலாம். அவ்வளவுதான். ஆனால் அதற்கு வெகு முன்பே வேறொன்று நடந்துவிடும். சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் பூமியில் கடல்கள் வற்றிவிடும் வெப்பம் வந்துவிடும் என்பது கணக்கு.

இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கேலக்ஸி மோதும் என்றபோது அசராதவர், கடல் வற்றும் என்றதும் அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நூறு கோடி வருஷமா?"

"ஆமா பெரியப்பா."

"அதுக்கு இன்னும் நாளு கெடக்கு ஏட்டி. முத்து போனதுக்கு நூறு கோடி வருஷமா ஆச்சு? எங்கய்யா காலத்துல இருந்திச்சு, எங்காலத்துல இல்ல. வெளிச்சம் வந்து அந்தத் திட்டும் இப்ப கண்ணுக்குத் தட்டுப்படல. மொதல்ல அதைப் பாரு."

அன்றிரவு என்ன தெரிந்தது?

தை அமாவாசை அன்று இரவு ஏழரை மணிக்கு வடமேற்கில் ஆண்ட்ரோமெடாவைத் தேடினோம். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இரவல் வாங்கிய பைனாகுலரில் சின்னப் புகைத்துணுக்காகத் தெரிந்தது. அந்த ஒளி கிளம்பியபோது பூமியில் நம்மைப் போன்ற மனிதர்களே இல்லை.

ஒன்பதரை மணிக்குத் தெற்கே திரும்பினோம். முதல் அடையாளம், அகத்திய நட்சத்திரம். வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசமான நட்சத்திரம் அதுதான். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கம், சுமார் இரண்டு முஷ்டி தூரத்தில் பார்க்க வேண்டும். அடிவானத்தில் கடல் ஈரம் வெண்மையாகப் படர்ந்திருந்தது. தூரத்தில் படகு விளக்குகள். வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பைனாகுலரை மணல்மேட்டில் முட்டுக்கொடுத்து, கண் இருட்டுக்குப் பழகுவதற்காக அரை மணி நேரம் மொபைலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு கணம், நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தபோது, பால் சிந்தியதுபோல ஒரு மெல்லிய வெளுப்பு. இருக்கிறது. இல்லை. மறுபடி இருக்கிறது.

பெரியப்பாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியல. ஆனா எடம் அதுதான். நீ பாத்தேல்ல, போதும்" என்றார்.

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றிப் போகத் தேவையில்லாமல் நேராகத் தெற்கே போக முடியும் என்பதுதான் அந்த இடத்தின் விசேஷம். அதே தென்திசைக் கடல். அந்த வானத்தின் இருட்டையும் கொஞ்சம் மிச்சம் வைத்தால் நம் பிள்ளைகளும் அந்த மேகத்தைப் பார்ப்பார்கள். தேவையில்லாத விளக்கை அணைப்பதும், தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்புவதும் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லையே!

நீங்களும் பார்க்கலாம்

* ஜனவரி நடுவில் இரவு 9.30 முதல் 10 மணி, பிப்ரவரி நடுவில் 7.30 முதல் 8 மணி. நிலா இல்லாத நாளாகப் பாருங்கள்.
* தெற்கே கடலோ வெட்டவெளியோ இருக்கும் இடம் வேண்டும். கன்னியாகுமரி, மணப்பாடு பக்கம் வசதி. வடக்கே போகப் போக உயரம் குறையும். சென்னையில் அடிவானத்தை ஒட்டிவிடும்.
* சாதாரண பைனாகுலர் போதும். மொபைல் திரையை அணைத்துவிட்டுக் கண்ணுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். இரவில் கடற்கரைக்குத் தனியாகப் போகாதீர்கள்.
* வீட்டிலிருந்தே பங்கெடுக்க வேண்டுமா? 2007-ல் தொடங்கிய 'கேலக்ஸி ஸூ' திட்டத்தில், படத்தைப் பார்த்து கேலக்ஸியின் உருவத்தை வகைப்படுத்தும் வேலையைப் பொதுமக்களே செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். இந்தியாவில் 2013-ல் தொடங்கிய 'ராட் அட் ஹோம்' குழு, புனே அருகே இருக்கும் ஜி.எம்.ஆர்.டி ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளை வைத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அத்தைக்குப் பதில் டைப் செய்தேன். 'மோதலாம், மோதாமலும் போகலாம் அத்தை. மோதினாலும் நட்சத்திரங்கள் முட்டிக்கொள்ளாது. பூமிக்கு அதனால் ஆபத்து இல்லை. அடுத்த முறை மணப்பாட்டுக்கு வாங்க, ஒண்ணு காட்டுறேன்.'

இரண்டு நீல டிக். ஐந்து நிமிடம் கழித்து அத்தையின் பதில் வந்தது: 'சரிம்மா. அமாவாசை என்னைக்குன்னு சொல்லு.'